பெனால்டி புள்ளிக்கு அடியில் ஒரு வீடு

ஒரு காட்டில், பெயரைச் சொன்னால் விளம்பரதாரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதால் வெறும் ஒரு காட்டில், பவுனாம்பாள் என்ற எறும்புத்தின்னி வளை தோண்டி வாழ்ந்துவந்தாள். பிறந்து நாலே நாளான குட்டியை உள்ளே தூங்கவைத்துவிட்டு, ஒருநாள் காலையில் கறையான் தேடிப் போனாள். மதியம் திரும்பிவந்தால், வீட்டின் மேல் ஒரு ஸ்டேடியம் நின்றது.

அந்தக் காட்டில் ஓடைக்கு ஒரு பாலம் கட்டச் சொல்லிப் பன்னிரண்டு வருஷமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் உலகக் கால்பந்துக் கோப்பை இங்கேதான் என்று முடிவானதும், நாற்பது யானைகள் அரை நாளில் எண்பதாயிரம் இருக்கைகளைப் போட்டு, ஆட்டத்தையும் ஆரம்பித்துவிட்டன. மனசு வைத்தால் எல்லாம் நடக்கும். யாருக்காக மனசு வைப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வாசலில் காவலுக்கு நின்ற கரடியார் கையை நீட்டினார். "டிக்கெட்?"

"என் வீடு உள்ள இருக்குங்க. பெனால்டி புள்ளிக்கு நேர் கீழ."

கரடியார் ஒரு படிவத்தைப் புரட்டினார். "வீரர், பார்வையாளர், பத்திரிகையாளர், முக்கியஸ்தர். வீட்டுக்காரர்னு ஒரு கட்டமே இல்லையேம்மா."

"என் குட்டி பசியோட தனியா கெடக்குதுங்க!"

"குட்டிகிட்ட டிக்கெட் இருக்கா?"

"அது பொறந்தே நாலு நாள்தாங்க ஆகுது."

"அப்போ அது டிக்கெட் இல்லாம உள்ள உக்காந்திருக்கு. அதுக்குத் தனி கேஸ்," என்று கரடியார் தடியைத் தரையில் ஓங்கித் தட்டினார்.

பயம் வந்தால் சுருண்டுகொள்வதைத் தவிர அந்தக் குலத்துக்கு வேறு வித்தை தெரியாது. பவுனாம்பாளும் தலையை வயிற்றுக்குள் இழுத்து, வாலைச் சுற்றி, கெட்டிச் செதில் போர்த்த உருண்டையாகிப்போனாள்.

அந்த நேரம் பார்த்து மைதானத்திலிருந்து ஒரு முயல் மூச்சிரைக்க ஓடிவந்தது. முள்ளம்பன்றி அணியின் தலைவர் தலையால் முட்டி முட்டி ஏழு பந்துகளை வெடிக்கவைத்துவிட்டாராம். வரிக்குதிரை அணி சும்மா நின்று கொட்டாவி விடுகிறதாம்.

"பந்து வேணும்! உடனே வேணும்!" என்று கத்திய முயல் உருண்டையைப் பார்த்தது. "அடடே, இந்தா இருக்கே!"

கரடியார் பதறிப்போய் முக்கியஸ்தர்கள் வாசலைத் திறந்துவிட்டார். சிவப்புக் கம்பளத்தின் மேல் பவுனாம்பாள் உருண்டு போனாள். யாரும் டிக்கெட் கேட்கவில்லை.

அப்புறம் விழுந்தது பாருங்கள் உதை! முள்ளம்பன்றி முட்டினார், முள்தான் ஒடிந்தது. வரிக்குதிரைகள் பின்னங்காலால் விளாசின. வலியில் உயிர் போனது. ஆனாலும் ஒவ்வொரு உதைக்கும் மூக்கை லேசாக நீட்டி, தன் வீட்டுக் கறையான் மண் எந்தப் பக்கம் மணக்கிறது என்று பார்த்துக்கொண்டாள். கடைசியில் ஒரு வரிக்குதிரை கோல் போட உதைக்க, பந்து பாதியிலேயே நின்று, நாலு காலை நீட்டி, புல்லைப் பறண்டி, பூமிக்குள் போய்விட்டது. எண்பதாயிரம் பேரும் வாயைப் பிளந்தார்கள். உள்ளே குட்டி ஓடிவந்து வாலில் ஏறிக்கொண்டது. பவுனாம்பாள் ஓவென்று அழுதாள்.

நடுவர் கொக்கு வளைக்குள் அலகை நீட்டினார். "பந்தே, ஆட்டம் முடியல. வெளிய வா."

"வரமாட்டேன். குட்டிக்குப் பால் குடுக்கணும்."

கொக்கு விதிப் புத்தகத்தைத் தலைகீழாகப் புரட்டினார். பந்து பால் கொடுத்தால் என்ன செய்வது என்று எங்கேயும் எழுதவில்லை. வீடியோ நடுவரான ஆந்தை, பகலில் கண் தெரியாமலேயே மூன்று தடவை பார்த்துவிட்டு, "பந்து எல்லைக்கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறது, ஆகவே ஆட்டம் தொடர்கிறது" என்று தீர்ப்புச் சொன்னது.

ஆட்டம் இன்றைக்கும் தொடர்கிறது. அது முடியும்வரை பந்தை யாரும் தொடக்கூடாது என்பதால், வளையைச் சுற்றி வேலி போட்டு, பந்துப் பராமரிப்பு என்ற பெயரில் தினமும் ஒரு தட்டு கறையான் வருகிறது. கொண்டுவருவது நம் கரடியார்தான்.

"என்னைத் தெரியலையாங்க?" என்று ஒருநாள் கேட்டாள் பவுனாம்பாள். "கேட்ல நின்னு கெஞ்சினேனே, குட்டி உள்ள இருக்குன்னு?"

கரடியார் விறைப்பாக சல்யூட் அடித்தார். "அந்தம்மாவை அன்னைக்கே வெளிய தொரத்திட்டோம், பந்தம்மா. நீங்க பயப்படாம இருங்க."

நீதி: சொந்த வீட்டுக்குள் நடந்து போக டிக்கெட் வேண்டும், உதைபட்டுப் போனால் இலவசம்.