இனாயாவுக்குக் கிடைத்த தூய பெயர்

மொழியைக் காப்பது மாந்தர் அனைவரின் கடமை. மாதச் சம்பளம் பெற்றுக்கொண்டு காப்பதோ தவம். அத்தவத்தில் ஆழ்ந்திருந்தார் பெயர்த் தூய்மைப் பிரிவின் கண்காணிப்பாளர் சந்திரமோகன். பிறப்புச் சான்றிதழில் ஏறவிருக்கும் ஒவ்வொரு பெயரையும் அவருடைய கணினி முதலில் முகர்ந்து பார்க்கும். அந்நியச் சொல்லானால் திரை சிவக்கும்.

மாலைக்குள் மகளைப் பள்ளியில் சேர்த்தாக வேண்டிய தவிப்போடு இண்டூரிலிருந்து வந்திருந்தாள் சுகுணா. பிள்ளையின் பெயர் இனாயா. திரை சிவந்தது.

"அரபுப் பெயராயிற்றே அம்மா! பொருளாவது தெரியுமா?"

"அக்கறைன்னு அர்த்தமுங்க. பிரசவத்துக்குப் போறப்ப தொப்பூர் எறக்கத்துல ஆம்புலன்ஸ் நின்னுபோச்சுங்க. காரை நிறுத்தி ஓடியாந்து இவளைக் கையில ஏந்துன டாக்டரம்மா பேருங்க."

சந்திரமோகன் நெற்றியைச் சுருக்கினார். அக்கறை என்றொரு சொல் அவருடைய கோப்பு எதிலும் வந்ததில்லை.

"அசலைக் கொடுங்கள், நகல் செல்லாது. பெயரை ரத்து செய்து தாசில்தாருக்கு எழுதிவிடுகிறேன்."

"பேரு இல்லாட்டி பள்ளிக்கூடத்துல சேத்துக்க மாட்டாங்களேங்க!"

"மொழி இருந்தால்தானே அம்மா பள்ளிக்கூடம்?"

உத்தரவைத் தட்டினார். 'அசல்' சிவந்தது. 'நகல்' சிவந்தது. 'ரத்து', 'தாசில்தார்' எல்லாம் சிவந்தன. அத்தனையும் அரபு வழி வந்தவை என்றது கணினி.

"எம்பிள்ளைக்குப் பேரு மட்டுந்தாங்க செவந்துது. உங்களுக்கு வாயத் தொறந்தாலே செவக்குதுங்களே?"

சந்திரமோகன் நேர்மையாளர், ஊருக்கொரு நீதி, தமக்கொரு நீதி என்றிருப்பவர் அல்லர். அன்பரே, மூடத்தனத்தோடு கைகோத்த நேர்மையைக் கண்டால் ஒதுங்கி நில்லுங்கள். அக்கணமே அச்சொற்கள் அனைத்தையும் அலுவலகத்தில் தடை செய்தார். இனி அசலைக் கேட்க இயலாது. நகல் வழங்க இயலாது. எதையும் ரத்து செய்யவும் இயலாது. அலுவல் அடியோடு நின்றது. வரிசையில் காத்திருந்த எவருக்கும் வேறுபாடு தெரியவில்லை.

"அப்ப எம்பிள்ளை கதி என்னங்க?"

சந்திரமோகன் கோப்பின் நிலையைக் குறிக்கத் தமக்கு மிகவும் பழகிய சொல் ஒன்றைத் தட்டினார்: நிலுவை. திரை பச்சையானது! தூய தமிழ்! அவர் மகிழ்ந்து முத்திரை குத்துவதற்குள், கணினி அதையே பெயராக ஏற்றுச் சான்றிதழை அச்சிட்டுத் தள்ளியது. பள்ளி மூடும் நேரம். சுகுணா அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

மறுநாள் வகுப்பில் ஆசிரியை "நிலுவை" என்று அழைத்தார். பிள்ளை, யாரையோ என்று திரும்பிப் பார்த்தாள். பக்கத்துப் பிள்ளை இடித்த பிறகு, "உள்ளேன் டீச்சர்" என்றாள்.

அடுத்த வாரம் தருமபுரியிலிருந்து ஓர் இளந்தம்பதி கைக்குழந்தையோடு வந்து நின்றார்கள்.

"சார், நிலுவைன்னு ஒரு பேரு குடுத்தீங்களாமே. யாரும் வெக்காத பேரு, செம ஸ்டைலா இருக்குங்க. எங்க பாப்பாவுக்கும் அதையே போடுங்க."

திரை பச்சையானது. பொருளை அவர்களும் கேட்கவில்லை, சந்திரமோகனும் கேட்கவில்லை.