பாக்கெட் மேல் ஒரு பூனை

ஓட்டுநர் தலையணை மேல் தலை வைத்துப் படுப்பதை விட்டுப் பல நாளாயிற்று. இப்போதெல்லாம் தலை கீழே, தலையணை மேலே. அப்படியும் மதில் மேலிருந்த பூனையின் குரல் திருகாணி போலக் காதில் இறங்கியது.

விடியற்காலை பஸ் அவருடையது. மதியம் தூங்கினால்தான் உண்டு. போன வாரம் சிக்னலில் கண்ணசந்தவரைப் பின்னால் நின்ற வண்டிகள்தான் ஹாரன் அடித்து எழுப்பின. "இன்னொரு தடவை தூங்குனா ஸ்டியரிங்கை மறந்துடுங்க. டிப்போவுல டயர் கழுவுற வேலைதான்," என்றார் மேலாளர்.

"உள்ள விட்டா அது கத்தாதுங்க," என்றாள் மனைவி.

"இந்த வீட்ல ஒண்ணு பூனை இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

மனைவி யோசித்தாள். யோசித்த நேரம் சற்று அதிகம் என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் மனைவி விதைக் கடையிலிருந்து ஒரு பாக்கெட் வாங்கி வந்தாள். மேலே ஒரு பூனைப் படம், பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம்.

"எலுமிச்சை வாசனை பூனைக்கு ஆகாதுன்னு சொல்வாங்கல்ல."

அவருக்கு விளங்கிவிட்டது. எலி மருந்தில் எலி படம், கரப்பான் மருந்தில் கரப்பான் படம். கணக்கு சரிதான்.

தூசு போன்ற விதை. பாதியை அவர் தும்மலே விதைத்தது. மீதியை மண் மேல் தூவி, லேசாக அழுத்தி, ஈரம் காயாமல் தெளித்தார். ஒருவழியாகச் செடி வந்தது. பூனை அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதே மதிலில் அதே ராகத்தைப் பாடியது.

"நெருக்கமா இருக்குங்க. பிடுங்கி நம்ம ஜன்னலுக்குக் கீழ நடுங்க. நுனியைக் கிள்ளி விட்டாத்தான் வாசனை வரும்."

நட்டார். கிள்ளினார். அன்றே நாலைந்து பூனைகள் வந்து செடி மேல் விழுந்து புரண்டன.

"வாசனை தாங்காம துடிக்குது பாருங்க. இன்னும் கொஞ்சம் கசக்குங்க."

கசக்கினார். மறுநாள் தெருப் பூனை மொத்தமும் ஆஜர். ஒரு தடியன் பூனை கொசுவலையைக் கிழித்து உள்ளே வந்து, எலுமிச்சை மணத்த அவர் விரல்களை நக்கியது.

அடுத்த நாள் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நின்றது. "அண்ணே, இறங்க வேண்டியவங்க இன்னும் உள்ளதான் இருக்காங்க," என்றார் நடத்துநர்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். "என்னதான்டி பண்றது?"

"வீட்ல ஒரு பூனை இருந்தா மத்ததை அண்ட விடாது. உங்களுக்குத்தான் பூனை பிடிக்காதே."

"பிடிக்குது. எல்லாம் பிடிக்குது. தயவுபண்ணி ஒண்ணை வெச்சுக்கலாம்."

அவரே ஸ்டூல் போட்டு ஏறி, மதில் பூனையை இறக்கி வந்தார். மனைவி செடியெல்லாம் பிடுங்கிப் போட்டாள். பூனை அவர் காலடியில் சுருண்டது. அவரும் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினார்.

தூக்கம் தெளிந்ததும் கோபம் வந்தது. காலி பாக்கெட்டோடு விதைக் கடைக்குப் போனார்.

"என் சம்சாரத்துக்கு என்னய்யா விதை குடுத்தே? பூனையை விரட்டக் கேட்டா, தெருப் பூனையெல்லாம் எங்க ஜன்னல்ல."

கடைக்காரர் பாக்கெட்டைப் பார்த்தார். அவரையும் பார்த்தார்.

"ஓ, டிரைவர் சார் நீங்கதானா? இது பூனையை இழுக்குற செடிதான் சார். பூனையை வீட்ல வெச்சுக்கலாம்னு நீங்களே கெஞ்சுவீங்கன்னு அம்மா சொன்னாங்க. கெஞ்சியாச்சா?"