ஆனந்தவல்லி மாமியின் மௌன விரதம்

மாமியைக் கூப்பிடு, ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன் என்று அம்மா சொன்னபோதுதான், ஆனந்தவல்லி மாமி என்று யாருமே இல்லை என்கிற சின்னச் சிக்கல் விச்சுவுக்கு உறைத்தது.

முந்தின நாள்தான் அவளைப் படைத்திருந்தான். ஊரடங்கு போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. புனேயில், ஹடப்சரில் ஆறாவது மாடி ஃபிளாட்டில், லேப்டாப்போடும் பிஸ்கட் பாக்கெட்டுகளோடும் தனியாகக் கிடந்தான். திருச்சியிலிருந்த அம்மா சாந்தகுமாரி, இ-பாஸ் வாங்கிக்கொண்டு, பெரியப்பா பிள்ளை பாஸ்கரின் வேனில் புறப்பட்டு வந்து பிள்ளைக்குச் சமைத்துப் போடப் போவதாக அறிவித்தாள். அம்மாவுக்கு வயது அறுபத்தாறு. சர்க்கரை உண்டு, ரத்த அழுத்தம் உண்டு, பிடிவாதம் இரண்டையும் விட அதிகமாக உண்டு. நடுவில் இரண்டு மாநில எல்லை. வழியில் அவளுக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என்று விச்சு பயந்தான். கலக்கத்தில் வாய் தானாகப் பேசிவிட்டது. நான் தனியாக இல்லை, எதிர் ஃபிளாட்டில் ஆனந்தவல்லி மாமி இருக்கிறாள், நம்மவள்தான், தினமும் ரசம் கொடுக்கிறாள் என்று.

வேறு அம்மாவாக இருந்தால் நம்பியிருப்பாள். சாந்தகுமாரி முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். எந்தக் குரலில் எத்தனை சதவீதம் பொய் என்று அவளுக்கு அத்துப்படி. அதனால்தான் மாமியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றாள். இல்லாவிட்டால் வேன்.

எதிர் ஃபிளாட்டில் உண்மையில் இருந்தது குல்கர்ணி காக்கு. காக்கு என்றால் அந்த ஊரில் சித்தி முறை. நாக்பூரில் இருக்கும் பெண்ணைப் பார்க்கப் போன அவள் கணவர் ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டார். காக்குவும் தனி. விச்சு குடிவந்து நாலு மாசத்தில் இருவருக்கும் நடந்த உரையாடல், லிஃப்ட் ஓடுகிறதா, ஓடவில்லை என்பதோடு சரி. விச்சுவுக்கு மராத்தியில் மொத்தம் நாற்பது வார்த்தை தெரியும். அதில் பாதி ஆட்டோக்காரர்களுக்கானவை.

மணி அடித்துவிட்டு ஆறடி தள்ளி நின்றான். கதவு திறந்ததும், ஆயி, வீடியோ கால், பாஞ்ச் மினிட், அம்மா ஐந்து நிமிஷம் பார்க்க வேண்டுமாம் என்று கையையும் காலையும் ஆட்டி விளக்கினான். காக்கு பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். விச்சு பதறிப்போனான். அம்மாவின் காதில் ஒரு மராத்தி வார்த்தை விழுந்தாலும் வேன் கிளம்பிவிடும்.

“போலூ நகா காக்கு,” என்று உதட்டில் விரலை வைத்துக் கெஞ்சினான். பேசாதீர்கள், எதுவுமே பேசாதீர்கள்.

காக்கு அவனை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, ஒரு நாற்காலியை வாசற்படிக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

தரை துடைக்கும் மாப்பின் கழியில் ஃபோனைக் கட்டி, விச்சு ஆறடி தூரத்திலிருந்து நீட்டினான்.

“நமஸ்காரம் மாமி,” என்றாள் அம்மா. “பிள்ளை வேளாவேளைக்குச் சாப்பிடறானா?”

காக்கு தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டு.

“ஏண்டா, மாமி பேச மாட்டாளா?”

தொண்டை வலி என்று சொல்ல வந்து விச்சு நாக்கைக் கடித்துக்கொண்டான். அந்த நாளில் தொண்டை வலி என்று வாய்விட்டுச் சொன்னால் பதில் ஆம்புலன்ஸில் வரும். “மௌன விரதம்மா,” என்றான். “கொரோனா போற வரைக்கும். லோக க்ஷேமத்துக்காக.”

திரையில் அம்மா போய் மின்விசிறி தெரிந்தது. இரண்டு கையையும் கூப்புவதற்காக அவள் ஃபோனை மேஜை மேல் வைத்திருந்தாள். திரும்ப எடுத்ததும், கழுத்தில் ஏன் கருகமணி என்று கேட்டாள். நாற்பது வருஷமாகப் புனேயில் இருக்கிறாள், ஊர் வழக்கம் ஒட்டிக்கொண்டது என்றான். அம்மா வேனைப் பற்றிப் பேசாமல் ஃபோனை வைத்தாள். விச்சு காக்குவை விழுந்து கும்பிடாத குறையாக நன்றி சொன்னான். வந்த வேலை முடிந்தது என்றுதான் நினைத்தான்.

மறுநாள் காலையில் அவன் வாசலில் ஒரு ஸ்டீல் டப்பா இருந்தது. சாதமும், மராத்திக்காரர்கள் ஆம்டி என்று சொல்லும் பருப்புக் குழம்பும். அது அச்சு அசல் அம்மாவின் ரசம் மாதிரியே இருந்தது. பசி வந்தால் நாக்கு இப்படித்தான் ஏமாறும் போலிருக்கிறது என்று வழித்துச் சாப்பிட்டான். அதன் பிறகு டப்பா தினமும் வந்தது.

அம்மாவோ பார்த்த அதிசயத்தை வயிற்றில் வைத்துக்கொள்ளாமல் சகஸ்ரநாம வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டாள். அடுத்த சாயங்காலம் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு ஸ்ரீவித்யாவும் லைனில் இருந்தாள். அவள் பிள்ளை பஹ்ரைனில் வேலை போய் உட்கார்ந்திருந்தான், விமானம் கிடையாது. எப்போது வருவான் மாமி என்று கேட்டுவிட்டு ஸ்ரீவித்யா அழ ஆரம்பித்தாள். காக்கு கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு உள்ளங்கையைத் தூக்கி, பொறு, பொறு என்பது போலக் காற்றில் இரண்டு தட்டுத் தட்டினாள். பதினைந்து நாளில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் ஸ்ரீவித்யா தூங்கினாளாம்.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஒரு வாரத்தில் இருபது பேர். இன்னொரு வாரத்தில் அறுபது. விச்சு வேறு வழியில்லாமல் ஆபீஸ் மீட்டிங் மாதிரி லிங்க் அனுப்பி, எல்லாரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக உள்ளே விட்டான். இலவசக் கணக்கு என்பதால் அருள் நாற்பது நிமிஷத்தில் தானாகக் கட்டாகிவிடும். மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை மாமியைக் கூப்பிட முடியாது என்றான். புனேயில் அந்த நேரத்தில் ஊரே தூங்கும், காக்குவும் தூங்குவாள். பக்தர்கள் அதைத் தியானம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பாலசுப்ரமணியன் என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒரு நாளைக்குப் பத்து டம்ளர் கபசுரக் குடிநீர் குடிப்பதாகவும், அதைப் பன்னிரண்டாக ஏற்றலாமா என்றும் கேட்டார். காக்கு வெடுக்கென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். ஈ ஏதோ தொந்தரவு செய்திருக்கும் என்று விச்சு நினைத்தான். அவர் அன்றே குடிநீரை நிறுத்தினார், வயிற்றெரிச்சல் நின்றது, மாமியின் படத்தை வாட்ஸப் முகப்பில் வைத்துக்கொண்டார்.

இது எங்கே போய் முடியுமோ என்று விச்சுவுக்குப் பயம் வந்தது. கூட்டத்தைக் குறைக்க ஒரு வழி பண்ணினான். மாமியின் விரதம் தீவிரமாகிவிட்டது, இனிமேல் சனிக்கிழமை மட்டும்தான் தரிசனம் என்றான். அதுதான் அவன் செய்த பெரிய தப்பு. தினமும் கிடைத்தவரை மாமியாக இருந்தவள், சனிக்கிழமை மட்டும் என்றதும் அம்பாள் ஆகிவிட்டாள். சனிக்கிழமை தொண்ணூற்றாறு பேர் காத்திருந்தார்கள். வரிசையில் ஒருவரை உள்ளே விட்டதும் திரையில் அவனுடைய மேனேஜர் மனோஜின் மூஞ்சி தெரிந்தது.

மனோஜ் கோயமுத்தூர்க்காரர். மாமியார் சொல்லி வந்திருந்தார். “மாமிங்களா, வெள்ளிக்கிழமை ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்குதுங்க. தைரியமா உட்டுறலாங்களா?” என்று பவ்யமாகக் கேட்டார்.

அந்த ரிலீஸ் உருப்படாது என்பது விச்சுவுக்குத் தெரியும். மேனேஜரிடம் சொல்லத் தைரியமில்லாமல் அந்த வாரம் முழுக்கப் பால்கனியில் நின்றுகொண்டு, கூட வேலை பார்க்கும் சாய்கிருஷ்ணாவிடம் ஃபோனில் கத்திப் புலம்பியிருந்தான். காக்கு இப்போது தெள்ளத் தெளிவாக இடமும் வலமும் தலையை ஆட்டினாள். மனோஜ் ரிலீஸைத் தள்ளிப்போட்டார். சோதித்துப் பார்த்ததில் மொத்தமும் சரிந்து விழுந்தது. நூல் இழையில் தப்பித்தோம் என்று டீம் முழுக்க மெயில் போட்டவர், இனி எல்லா ரிலீஸுக்கும் மாமியிடம் தேதி கேட்டுச் சொல்லும் பொறுப்பை விச்சுவிடமே கொடுத்தார். எத்தனை தற்செயல்தான் ஒரு மனுஷிக்கு நடக்கும் என்று விச்சு தலையில் கை வைத்துக்கொண்டான். காக்குவுக்கு இதில் என்ன லாபம் என்றும் புரியவில்லை. அவள் சனிக்கிழமைகளில் நாலரைக்கே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நாற்காலியில் தயாராக இருந்தாள்.

மே மாதம் மூன்றாவது சனிக்கிழமை, தரிசனத்துக்குக் கால்மணி முன்னால் அம்மா கூப்பிட்டாள். குரலில் இருபது வயசு குறைந்திருந்தது. இ-பாஸ் கிடைத்துவிட்டதாம். பாஸ்கர் வேனை வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறானாம். அம்மா, ஸ்ரீவித்யா, இன்னும் மூன்று பேர் நாளை விடியற்காலை புனேக்குப் புறப்படுகிறார்கள். மாமியை நேரில் பார்த்து, காலில் விழுந்து, ஒரு வாரம் இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு.

புனேயில் தொற்று எப்படி இருக்கிறது என்று விச்சு சொல்லிப் பார்த்தான், ரத்த அழுத்தத்தை ஞாபகப்படுத்தினான், கெஞ்சினான்.

“மாமி இருக்கச்சே எனக்கு என்னடா ஆயிடும்?” என்றாள் அம்மா.

அவளை வீட்டோடு நிறுத்தி வைக்கத்தான் மாமியைக் கொண்டுவந்தான். அந்த மாமியே இப்போது அவளை ரோட்டில் இறக்குகிறாள். மானம் போனால் போகட்டும், அம்மா உயிரோடு இருந்தால் போதும் என்று முடிவு கட்டினான்.

ஐந்து மணிக்குக் கழியை நீட்டினான். அன்றைக்கு வரிசை எதுவும் வைக்கவில்லை. தொண்ணூற்றுச் சொச்சம் பேரையும் ஒரேயடியாக உள்ளே விட்டான்.

“எல்லாரும் என்னை மன்னிக்கணும்,” என்று தொடங்கினான். “இவங்க ஆனந்தவல்லி மாமி இல்லை. எதிர்வீட்டு குல்கர்ணி காக்கு. மராத்திக்காரங்க. விரதமும் இல்லை, ஒண்ணும் இல்லை. எங்கம்மா கிளம்பி வந்துடக் கூடாதேன்னு நான்தான் பொய் சொன்னேன், பேசக் கூடாதுன்னு நான்தான் இவங்களைக் கேட்டுண்டேன். நீங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூட இவங்களுக்குப் புரிஞ்சிருக்காது. தலை சும்மா ஆடினதுதான்.”

பாலசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனோஜின் கட்டம் மெதுவாக இருட்டானது. ஸ்ரீவித்யாதான் முதலில் பேசினாள். “அப்போ என் பிள்ளை வருவான்னு கையைக் காமிச்சதும் சும்மாதானா?” என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பான். அவள் மிகவும் மெதுவாகக் கேட்டாள். இத்தனை பேரின் ஒரே பிடிமானத்தைப் பிடுங்கிவிட்டோம் என்று விச்சுவுக்கு உறைத்தது.

அம்மாவின் முகம் திரைக்கு மிக அருகில் வந்தது. திட்டப் போகிறாள் என்று நினைத்தான். அவள் கண்களில் தண்ணீர் நின்றது.

“அப்படீன்னா இத்தனை நாளும் நீ அங்கே யாருமில்லாம ஒத்தையாத்தான் கிடந்தியா?” என்றாள். பிறகு பின்பக்கம் திரும்பி, “பாஸ்கர், விடியற்காலை எல்லாம் வேண்டாம், இப்பவே வண்டியை எடு,” என்றாள்.

யாரோ கதவைத் திறந்து ஓடும் சத்தமும், வேன் உறுமும் சத்தமும் திருச்சியிலிருந்து தெளிவாகக் கேட்டன. விச்சு சுவரில் சாய்ந்துகொண்டான்.

காக்கு நாற்காலியை விட்டு எழுந்தாள். முகக்கவசத்தைக் கழற்றினாள். கழியின் நுனியைப் பிடித்து ஃபோனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“வண்டியை அணைக்கச் சொல்லுங்கோ சாந்தா, பையன் என் பொறுப்பு,” என்றாள். “நான் தஞ்சாவூர் மேலவீதியில பொறந்து வளர்ந்த மராத்திக்காரி, ஆட்டின தலை ஒவ்வொண்ணும் கேட்டுட்டுத்தான் ஆட்டினேன், எங்கம்மா போய்ப் பதினெட்டு வருஷத்துல இப்பதான் காதாரத் தமிழ் கேக்கறேன், வாயைத் திறந்தா இந்தப் பிள்ளை கடையை மூடிடுவானோன்னு பயந்துதான் பேசாம இருந்தேன்.”