பதினோரு கட்டம்

இனிமேல் கார்டு இல்லாமல் இந்த வீட்டில் ஒரு வேலையும் நடக்காது என்று நஞ்சுண்டசாமி முடிவு கட்டினார். கட்டின சூட்டோடு மனைவி சாமியாத்தாளிடம் சொல்லியும் விட்டார். காபி ஆறுகிற வரைக்கும் விட்டால் தைரியமும் ஆறிப்போகும்.

மனுஷன் ஹெப்பாளில் ஒரு ஃபேக்டரியில், ரிப்பேர் செக்‌ஷனில் குமாஸ்தா. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஸ்பேனரைத் தொட்டதே இல்லை. தொட்டதெல்லாம் ஜாப் கார்டுதான். எந்த மிஷின் நின்றாலும் அந்த டிபார்ட்மென்ட்காரன் ஒரு ஜாப் கார்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். மொத்தம் பதினோரு கட்டம். எந்த டிபார்ட்மென்ட், என்ன கோளாறு, எப்போதிருந்து, எவ்வளவு அவசரம், செய்யாவிட்டால் என்ன கெடும், யார் செய்யவேண்டும் என்று போய்க்கொண்டே இருக்கும். ஐந்தாம் கட்டத்துக்குள் பாதிப்பேர், "மிஷின் ஓடுறவரைக்கும் ஓடட்டும் விடுப்பா" என்று திரும்பிவிடுவார்கள். பதினொன்றையும் நிரப்பி வருகிற வீரனுக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் குறை சொல்லி நஞ்சுண்டசாமியே திருப்பி அனுப்புவார்.

வீட்டு வேலைக்கோ கட்டமும் இல்லை, கட்டுப்பாடும் இல்லை. எல்லாம் வாய்வழி. பல் விளக்கும்போது ஒன்று, சட்டை மாட்டும்போது இரண்டு, சைக்கிளில் காலைத் தூக்கும்போது நாலு.

வழக்கமாகப் பொறுத்துப்போகிறவர்தான். ஆனால் வருகிற ஞாயிறு பத்து மணிக்கு ஃபேக்டரி கிளப்பில் கேரம் ஃபைனல். பதினாலு வருஷம் விளையாடி இப்போதுதான் ஃபைனலைக் கண்ணால் பார்க்கிறார். எதிராளி பெயின்ட் ஷாப் கெம்பையன். கால்மணி நேரம் தாமதித்தால் கப்பு கெம்பையனுக்கு என்று நோட்டீஸ் போர்டிலேயே போட்டிருந்தது.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்து ஆறு மாசம். நஞ்சுண்டசாமி அதில் உட்கார்ந்து, ஜாப் கார்டு மாதிரியே அந்த ஊர்ப் பாஷையான கன்னடத்தில் அடித்து நூறு பிரதி எடுத்துவந்தார். முறைப்படி கார்டு வந்தால் வேலை மறுக்கப்படாது என்று அடியில் ஒரு வரியும் இருந்தது. ஃபேக்டரி கார்டில் இருந்த வரி. அதை எடுத்துவிட அவருக்குத் தோன்றவில்லை. அது ஒன்று போதாதா?

சாமியாத்தாள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க, கருவேப்பிலை வாங்கோணும்னாலும் இத்தனையும் எழுதோணுமா?"

"எழுதோணும்."

"கருவேப்பிலை எப்போதிருந்து இல்லைன்னுமா?"

"அது மூணாம் கட்டம்."

அவள் கார்டோடு உள்ளே போனாள். செவ்வாய் ஒரு கார்டும் வரவில்லை. புதனும் இல்லை. வீடு ஆஸ்பத்திரி மாதிரி அமைதியாக இருந்தது. நஞ்சுண்டசாமி கூடத்தில் பலகையைப் போட்டு, பவுடர் தூவி, தனக்கும் கெம்பையனுக்குமாகத் தானே ஆடிக்கொண்டார். இரண்டு நாளும் கெம்பையன் தோற்றான்.

வியாழன் சாயங்காலம் காபியோடு கார்டு வந்தது. ஒன்றல்ல, இருபத்திமூன்று. பதினோரு கட்டமும் முத்து முத்தாக அச்சடித்து, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல்.

அவர் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். எப்படி என்று கேட்டார்.

தேவராஜ மொஹல்லா பக்கம் கம்ப்யூட்டரில் அச்சடித்துத் தருகிற டி.டி.பி. கடை வைத்திருக்கிற நிர்மலாவுக்கு சாமியாத்தாள்தான் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். கார்டை அவளிடம் காட்டியிருக்கிறாள். நிர்மலா பார்த்துவிட்டுச் சிரித்தாளாம். பத்து கட்டத்தில் எப்போதும் ஒரே விஷயம்தானே அக்கா, அதை மிஷினிலேயே நிறுத்திவைப்போம், என்ன வேலை என்கிற ஒரு கட்டத்தை மட்டும் மாற்றிக்கொண்டே போவோம் என்றாளாம். அவசரம்: உடனே. செய்யாவிட்டால்: வீடு நாறும். செய்யவேண்டியவர்: நஞ்சுண்டசாமி. எல்லாக் கார்டிலும் இதேதான்.

"ஒரு கார்டுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகலைங்க. நல்ல ஏற்பாடு பண்ணிக் குடுத்தீங்க" என்று மனசாரச் சொன்னாள் சாமியாத்தாள்.

கேஸ், மாவு, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் அவருக்குப் பழக்கம். மிச்சக் கார்டில் இருந்த வேலைகள் உலகத்துக்கே புதுசு. பரண்மேல் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது. செவ்வாய்க்கிழமை மட்டும் சத்தம் போடுகிற ஃபேனை விசாரிப்பது. என்ன வேலை என்கிற கட்டம் சும்மா கிடந்தால் பார்க்க நன்றாக இல்லை என்று யோசித்து யோசித்துப் போட்டாளாம்.

நஞ்சுண்டசாமி கடைசி ஆயுதத்தை எடுத்தார். டிபார்ட்மென்ட் கட்டத்தில் வெறுமனே வீடு என்று இருக்கிறது, செல்லாது என்று இருபத்திமூன்றையும் திருப்பினார். ஃபேக்டரியில் என்றால் இதற்கே ஒரு மாசம் ஓடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தனையும் திரும்பி வந்தது. டிபார்ட்மென்ட்: சமையல்கட்டு.

"ஒரு இடத்துல மாத்தினா எல்லாத்துலயும் மாறிக்குதுங்க" என்றாள். அவளுக்கே ஆச்சரியம் தாங்கவில்லை.

வேறு வழி? ராத்திரியும் சனிக்கிழமையும் உழைத்தார். பரணில் ஏறினார். தொட்டியில் இறங்கினார். ஃபேனோடு பேசிப்பார்த்தார். ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று ஐம்பது வயசில் கற்றுக்கொண்டார். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இருபத்திமூன்றாம் கார்டை நீட்ட, சாமியாத்தாள் சரிபார்த்து எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டாள். நஞ்சுண்டசாமிக்கு அழுகை வந்தது. வெளுத்த சட்டை போட்டு, ஸ்ட்ரைக்கரைப் பையில் வைத்துக் கதவைத் திறந்தார்.

எதிர்வீட்டு மல்லம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் கார்டு.

"குழாய் நிக்கவே மாட்டேங்குதப்பா. ஸ்வல்ப பாரு."

அவருக்குப் பின்னால் மாடிவீட்டு லீலா. அவளுக்குப் பின்னால் முக்குவீட்டு சென்னம்மா. எல்லார் கையிலும் கார்டு. எல்லாவற்றிலும் பதினோரு கட்டம். செய்யவேண்டியவர்: நஞ்சுண்டசாமி.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நானொண்ணும் சொல்லலைங்க. இவங்களும் அங்க போயி அடிச்சிருக்காங்க போல. நிர்மலா மிஷின்ல உங்க பேர் அப்படியே நின்னுபோச்சாட்டம் இருக்குது."

கேரம் என்று வாயைத் திறந்தார். மல்லம்மா கார்டின் அடியில் இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். எழுபது வயசான அம்மாள். தெருவில் வேறு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வெளுத்த சட்டையோடு உட்கார்ந்து குழாயை இறுக்கினார். லீலா வீட்டுத் தாழ்ப்பாளைத் தட்டிச் சரிசெய்தார். சென்னம்மா வீட்டு மிக்சி அவரை ஒரு தடவை தூக்கிப்போட்டது. கடிகாரத்தைப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். ஹெப்பாள்வரைக்கும் அப்படியே மிதித்தார் என்றாலும் நம்பலாம்.

கிளப்பில் பத்து இருபது. பலகையைச் சுவரோரமாய்ச் சாத்தி வைத்திருந்தார்கள். கெம்பையன் கப்பைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். வந்தவரின் சட்டையைப் பார்த்து, "குழாயிலா விழுந்தே?" என்று விசாரித்தான். நஞ்சுண்டசாமி வந்த வழியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

வாசலிலேயே சாமியாத்தாள் காத்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சொம்புத் தண்ணீரை நீட்டினாள். அவர் ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"கப்பு போச்சு, சாமியாத்தா" என்றார்.

"அடடா" என்று அவளும் நிஜமாகவே வருத்தப்பட்டாள். இடுப்பில் செருகியிருந்த கார்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். "கப்பு வெக்கறதுக்குச் சுவத்துல ஒரு பலகை அடிக்கோணும்னு போட்டு வெச்சிருந்தேனுங்க. பரவாயில்லை, அடிச்சுருங்க, ஊறுகா ஜாடி வெச்சுக்கறேன்."