பொட்டலுக்கு வந்த கனடாப் பந்து

விருதுநகர் மாவட்டத்தில் வெயில் அதிகம் என்பதை அரசாங்கம் இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் சித்திரை மாசத்தில் கண்டுபிடித்தது. அதுவரைக்கும் அது வெறும் பொதுமக்கள் புகாராகவே இருந்து வந்தது. கண்டுபிடித்த கையோடு வெயிலைக் குறைப்பதற்கு ஒரு பிரிவும், அந்தப் பிரிவுக்கு ஒரு துணை இயக்குநரும், துணை இயக்குநருக்கு ஒரு ஏசி அறையும் ஒதுக்கப்பட்டன. ஏசி மாட்டிய அன்றைக்கே அந்த அறையில் வெயில் குறைந்துவிட்டது. மீதி மாவட்டம்தான் பாக்கி.

துணை இயக்குநர் பெயர் புகழேந்தி. நல்ல மனுஷன், பாவம். உலகம் சூடாவதை ஆராய்ந்து வரும்படி அவரை வைகாசியில் கனடாவுக்கு அனுப்பினார்கள். போய் இறங்கியதுமே சளி பிடித்துக்கொண்டது. ஓட்டல் அறையை விட்டு வெளியே வராமல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு டிவி பார்த்தார். டிவியில் அந்த நாட்டுக் கால்பந்து ஓடியது. பேருக்குத்தான் கால்பந்து. பப்பாளிக்காய் மாதிரி நீளமான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு தடித்தடியான ஆட்கள் முட்டி விழுந்தார்கள்.

அப்போது அங்கே நடந்தது சீசனுக்கு முந்தின ஆட்டம். ஜெயித்தாலும் கணக்கில் வராது, தோற்றாலும் கணக்கில் வராது. ஆனால் அதைப் பற்றி நாலு பேர் கோட்டுப் போட்டு உட்கார்ந்து நாள் பூராவும் பேசினார்கள். புகழேந்திக்குத் தன் ஆபீஸ் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. இன்னொன்றும் கவனித்தார். கம்பத்துக்கு நடுவே போகவேண்டிய பந்து தப்பிப் போனாலும், எல்லைக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டால் ஒரு புள்ளி கொடுத்தார்கள். குறி தப்பியதற்குப் புள்ளி! இப்படி ஒரு உயர்ந்த நிர்வாகத்தை அவர் அதுவரை கண்டதில்லை.

திரும்பி வந்து அறிக்கை எழுதினார். “மேற்படி விளையாட்டு ஆடப்படும் நாட்டில் வெப்பநிலை குறைந்தே காணப்படுகிறது. எனவே மேற்படி விளையாட்டை நமது மாவட்டத்தில் ஆடச்செய்வதன் வாயிலாக வெப்பநிலையைக் குறைக்க ஆவன செய்யலாம்.” மேலிடம் அதை ரெண்டு தடவை படித்தது. குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. கையெழுத்தாகிவிட்டது.

இப்போது வேலுத்தாயிடம் வருவோம். ஏனென்றால் அரசாங்கமும் நேராக அங்கேதான் வந்தது.

சிவகாசிக்குப் பக்கத்தில், விஸ்வநத்தத்துக்குத் தெற்கே இருக்கிற கருவேலம்பட்டியில் மகளிர் குழுத் தலைவி வேலுத்தாய். ஓங்குதாங்கான பொம்பளை, வாயைத் திறந்தால் பக்கத்துத் தெருவில் கோழி எழுந்திருக்கும். அவள் குழுப் பொம்பளைகள் வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிறவர்கள். பசை தடவிச் சுற்றிய குழாயை ஊர்ப் பொட்டலில் விரித்துக் காயவைக்க வேண்டும். ஈரம் இருந்தால் போச்சு. அதில் மருந்து ஏற்றினால் வெடிக்காது, புஸ்ஸென்று அவிந்துவிடும். கம்பெனிக்காரன் லோடையே திருப்பி அனுப்பிவிடுவான். பொட்டல் இருந்தால் குழாய், குழாய் இருந்தால் சோறு, அவ்வளவுதான் அந்த ஊர்ப் பொருளாதாரம்.

தீபாவளி ஆர்டர் குவிகிற ஆனி மாசத்தில், ஒரு காலையில் ஜீப்பு வந்து நின்றது. ரெண்டு பேர் இறங்கி, விரித்துக் கிடந்த குழாய் மேலேயே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்.

“ஏய்! யாருய்யா அது?” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள் வேலுத்தாய்.

புகழேந்தி கும்பிட்டார். “அம்மா, இது அரசுப் புறம்போக்கு.”

“புறம்போக்குலதான காயப் போட்டிருக்கோம்? உங்க ஆபீசுக்குள்ள வந்தா போட்டோம்?”

“இனிமே இங்கே கனடா கால்பந்து ஆடப்போறாங்க. வெயில் குறைஞ்சிடும்.”

“வெயிலு குறைஞ்சா குழாய் எப்பிடிய்யா காயும்?”

புகழேந்தி முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கிளார்க்கிடம், “பாத்தீங்களா? பலன் கிடைக்கும்னு மக்களே நம்ப ஆரம்பிச்சுட்டாங்க. குறிச்சுக்கங்க” என்றார்.

அளந்து பார்த்தால் இடம் பத்தவில்லை. கனடாக்காரன் ஆடுகளம் நீளம். பொட்டல் பாதியிலேயே முடிந்து கண்மாய்க்குள் இறங்கியது.

“கண்மாய்க்குள்ளயா ஆடப் போறீக?”

“காலநிலை மாற்றத்தால கண்மாயில தண்ணி இல்லையே. அதைப் பயன்படுத்திக்கலாம்.”

“மழை பேஞ்சு தண்ணி வந்துச்சுன்னா?”

“திட்டம் வெற்றின்னு அர்த்தம்” என்றார் புகழேந்தி. வேலுத்தாய் சுண்ணாம்பு பட்ட குழாய்களைப் பொறுக்கிக் கூடையில் போட ஆரம்பித்தாள்.

அன்று முதல் ஊரில் வேறு பேச்சே இல்லை. பந்து இன்னும் வரவில்லை. ஆனால் எந்த அணி ஜெயிக்கும் என்று டீக்கடையில் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். திருத்தங்கல் பனிச்சிறுத்தைகள் என்றும் வெம்பக்கோட்டை வெண்கரடிகள் என்றும் ரெண்டு அணிக்குப் பேர் வைத்தாயிற்று. கரடி ஊருக்குள் வந்துவிட்டதாக நினைத்து ரெண்டு பேர் ஆட்டைக் கொட்டிலில் அடைத்தார்கள்.

கட்சிக்காரன் சும்மா இருப்பானா? அமெரிக்காவில் இதே மாதிரி ஆட்டத்தில் பந்தை முன்னேற்ற நாலு வாய்ப்புக் கொடுக்கிறார்கள், கனடாவில் மூணுதான் என்று எவனோ சொல்லிவிட்டான். எதிர்க்கட்சிக் கருத்தப்பாண்டி பஸ்ஸ்டாண்டில் பந்தல் போட்டு உட்கார்ந்துவிட்டார். “ஏழைகளின் நாலாவது வாய்ப்பைப் பறித்தது யார்?” என்று உண்ணாவிரதம். ஆளுங்கட்சிக் கவுன்சிலர் மணிமுத்து எதிர்ப்பக்கம் மைக்கைப் பிடித்தார். “மூணு வாய்ப்புன்னா ஓட்டம் குறைவு. ஓட்டம் குறைஞ்சா மூச்சு குறைவு. மூச்சு குறைஞ்சா காத்துல சூடு குறைவு! நாலாவது வாய்ப்புக் கேக்குறவன் பூமித்தாய்க்குத் துரோகி!” கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. எதற்குத் தட்டினோம் என்று அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொண்டார்கள்.

இதற்கிடையில் வேலுத்தாயின் குழாயெல்லாம் ஓலைக் கூரைக்கு அடியில் பூஞ்சை பிடித்துக் கிடந்தது. குழுவில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. அவள் புருஷன் பெத்தணன் லாரியில் லோடு ஏற்றுகிறவன். ஆள் வாட்டசாட்டமாக இருந்ததால் வெண்கரடியாக எடுத்துக்கொண்டார்கள்.

“ஏய்யா, உனக்கு வெக்கமா இல்ல? என் பொட்டலப் பிடுங்குனவனுக்கே போய் ஆடப் போற!”

“சீசனுக்கு முந்தின ஆட்டந்தாம்ளா, கணக்குல வராது” என்றான் பெத்தணன்.

விழா நாள் வந்தது. தூசி பறக்காமல் இருக்க டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து பொட்டல் முழுக்க ஊற்றினார்கள். அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கேட்டு ஊர் நாலு மாசமாக மனு கொடுத்துக்கொண்டிருந்தது, அது வேறு சங்கதி. நடுவில் ஒரு கம்பம் நட்டு, வெப்பம் குறைவதை ஊரே பார்க்கட்டும் என்று பெரிய தெர்மாமீட்டர் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார் புகழேந்தி.

இங்கேதான் எங்கள் சீமைக்கே உரிய ஒரு சங்கடம் நடந்துபோனது. சிவகாசிப் பக்கம் கவுன்சிலர் கால் வைத்தால் வெடி போட்டாக வேண்டும். பிறந்தாலும் வெடி, செத்தாலும் வெடி என்று பழகிய ஊர். மணிமுத்து மேடை ஏறியதும், பூமியைக் குளிர்விக்கும் விழாவைத் துவக்கி வைப்பதற்காக ஒரு பத்தாயிரம் வாலா சரவெடியைப் பற்றவைத்தார்கள். அதை வளைத்து வளைத்து, பார்வையாக இருக்கட்டுமே என்று, அந்தக் கம்பத்தடியிலேயே போட்டிருந்தார்கள்.

புகை அடங்கியபோது தெர்மாமீட்டரில் பாதரசம் உச்சிக்குப் போய் உட்கார்ந்திருந்தது. ஹெல்மெட்டும் பஞ்சுமெத்தைத் துண்டும் கட்டிக்கொண்டு வெயிலில் நின்ற வெண்கரடிகள் ஒவ்வொருத்தராகச் சுருண்டு விழுந்தார்கள். பெத்தணனைக் கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பனிச்சிறுத்தைகள் மரத்தடியை விட்டு வரவே இல்லை. ஆகவே ஆட்டம் சமன் என்று அறிவிக்கப்பட்டது.

புருஷனுக்கு மோர் புகட்டிவிட்டு வேலுத்தாய் பொட்டலுக்குத் திரும்பினாள். நல்லா நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்றுதான் வந்தாள். ஆனால் புகழேந்தி கம்பத்தடியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், அவள் புத்தி வேறு பக்கம் ஓடியது.

“என்ன சார், இப்பிடி உக்காந்துட்டீக?”

“வெப்பம் குறைஞ்சதுக்கு ஆதாரம் வேணும்மா. இல்லேன்னா என் பிரிவையே மூடிருவாங்க.”

“இம்புட்டுத்தானா? இன்னைக்கு இங்கன குழாயப் போட்டா காயாது. நான் எழுதித் தாரேன்.”

தண்ணீர் ஊற்றி ஊறிய தரையில் குழாய் எப்படிக் காயும்? பொய் இல்லையே.

புகழேந்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். “காயலைன்னா குளிர்ச்சி. குளிர்ச்சின்னா வெற்றி!”

“அதான் சார். தெனமும் போட்டு, காயலை காயலைன்னு எழுதித் தாரோம். ஆனா அதுக்குப் பொட்டலு எங்க கையில இருக்கணும்ல?”

“அளவீட்டுக் களம்னு அறிவிச்சுடுறேன்.”

“அப்ப ஆட்டம்?”

“சீசனுக்கு முந்தின ஆட்டம் முடிஞ்சுபோச்சு. சீசன்னு ஒண்ணு நடத்தணும்னு திட்டத்துல எங்கேயும் இல்லையே!”

குழு முழுக்க வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது. பொட்டல் திரும்பி வந்துவிட்டது. வேலுத்தாய் ராணி மாதிரி நடந்தாள். மறுநாளே ஈரம் வற்றி, வெயில் மண்டையைப் பிளக்க, குழாயெல்லாம் ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கும்படி காய்ந்து கிடந்தது. அவளும் விடாமல், ‘காயவில்லை’ என்று தினமும் எழுதிக் கொடுத்தாள். ஒரு கவர்மெண்டையே ஏய்த்துவிட்ட பெருமிதத்தில் ராத்திரி படுத்தால் தானாகச் சிரிப்பு வந்தது அவளுக்கு.

ஆடி மாசம் லோடு கொண்டு போனாள். கம்பெனி மேனேஜர் வாசலிலேயே மறித்தார். கையில் பேப்பர். ‘கருவேலம்பட்டியில் குளிர்! குழாய் காயவில்லை: பெண்கள் மகிழ்ச்சி’ என்று படத்தோடு போட்டிருந்தான். படத்தில் வேலுத்தாய் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணாச்சி, தொட்டுப் பாருங்க! எலும்பு மாதிரி காஞ்சிருக்கு!”

மேனேஜர் தொட்டார், முறித்தார், காதில் வைத்துத் தட்டினார். “காஞ்சுதாம்மா இருக்கு. அருமையாக் காஞ்சிருக்கு. ஆனா நான் கண்ணால பாத்தாப் போதுமா? காயலைன்னு கவர்மெண்டே சொல்லியிருக்கு. நாளைக்கு ஒரு வெடி அவிஞ்சுபோனா எவன் பதில் சொல்றது? ஆர்டர வேற ஊருக்குக் குடுத்துட்டோம்.”

“அது சும்மா எழுதினது அண்ணாச்சி!”

“அப்ப போய் அதையும் எழுதி வாங்கிட்டு வாங்க.”

போனாள். ஆபீசில் புகழேந்தி பதவி உயர்வில் போய்விட்டார் என்றார்கள். வறட்சி நிவாரணம் கேட்டு வந்த விவசாயச் சம்சாரிகள் கூட்டம் வெளியே நின்றது. குளிர்ப் பிரதேசத்துக்கு வறட்சி நிவாரணம் கிடையாது என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லாரும் வேலுத்தாயைத்தான் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினாள். வழி முழுக்க அழுகையாக வந்தது.

ஊருக்கு வந்தால் மணிமுத்து காத்திருந்தார்.

“வேலுத்தாயி, மேலிடத்துக் கமிட்டி வருது. குளிர்ற ஊர நேர்ல பாக்கணுமாம். ஸ்வெட்டரு கவர்மெண்டு குடுக்கும். நடுங்குறதுக்கு ஆள் வேணும். கூலி உண்டு.”

பின்னாலேயே வந்து நின்ற கருத்தப்பாண்டி குறுக்கே பாய்ந்தார். “நடுங்குற ஆளுல பாதிப்பேரு எங்க கட்சிக்காரங்களா இருக்கணும். இல்லேன்னா மறியல்!”

வேலுத்தாய் குழாய்க் குவியலைப் பார்த்தாள், வாசலில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த பொம்பளைகளைப் பார்த்தாள். “எங்க குழுவுல எம்புட்டுப் பேரச் சேத்துக்கிருவீக?” என்று கேட்டாள்.

கமிட்டி வந்த அன்று உச்சி வெயில். பொட்டலில் அம்புட்டுப் பேரும் ஸ்வெட்டர் போட்டு, மப்ளர் சுற்றி, வரிசையாக நின்றார்கள். பெத்தணனும் நின்றான். தெருமுனையில் கார் திரும்புவது தெரிந்தது. வேலுத்தாய் வரிசைக்கு முன்னால் வந்து நின்று, முகத்தில் வழிந்த வேர்வையை ஸ்வெட்டர் கையிலேயே அழுத்தித் துடைத்தாள்.

“ஏ முத்துப்பேச்சி, தோள மட்டும் ஆட்டுனாப் போதுமாடி? பல்லு கிடுகிடுன்னு அடிக்கணும். சும்மா நின்னு சம்பளம் வாங்குறதுக்கு நாம என்ன ஆபீசரா?”