படகின் அடிப்பக்கம் குறித்து அக்கா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா ஆசிகளுடன் எழுதுவது. நீயும் உன் மனைவியும் குழந்தையும் அந்தக் குளிரில் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் இங்கே சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரமாட்டேன் என்கிறது. காரணம் உன் படகு.

மாற்றலாகிப் போகும்போது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அக்கா, அது பாட்டுக்குத் தண்ணியில நிக்கும். வாரத்துக்கு ஒரு தடவை போய் எட்டிப் பார்த்தா போதும்." எட்டித்தான் பார்த்தோம். ஒரு வாரம் தவறவில்லை. உன் அத்தான் கண்ணாடியைத் துடைத்தார், கம்பிகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார், இருக்கை உறைகளை மட்டும் கழற்றி வந்து என்னிடம் துவைக்கக் கொடுத்தார். படகு கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னியது, தண்ணீருக்கு மேலே. தண்ணீருக்குக் கீழேயும் படகு இருக்கிறது என்பதை நீயும் சொல்லவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

இப்படி இருக்கையில் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் எங்களைப் பார்க்க வந்தார்கள். உன் அத்தான் சும்மா இருப்பாரா? மச்சினன் படகு இருக்கிறது, கடலில் ஒரு சுற்று போய்வரலாம் என்று அவர்களைக் கிளப்பிவிட்டார். அவருக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்தில் படகு கட்டியிருப்பவரைக் கெஞ்சி அழைத்து வந்தார். அவர் தினமும் தூண்டில் போடுகிற ஆட்களைக் கடலுக்குக் கூட்டிப் போய்ப் பிழைப்பவர். என்ஜினைக் கிளப்பியதுமே சத்தம் சரியில்லை என்றார். ரொம்ப நாள் ஓடாததால் சோம்பல், போகப் போகச் சரியாகிவிடும் என்று உன் அத்தான் அவருக்குத் தைரியம் சொன்னார். அலைதடுப்புச் சுவரைத் தாண்டுவதற்குள் என்ஜின் போட்ட கூச்சலுக்கு நாங்கள் அடுத்த நாட்டுக்கே போயிருக்க வேண்டும். படகோ சேற்றில் இறங்கிய எருமை மாதிரி நகர்ந்தது. துடுப்புப் போட்டுக்கொண்டு வந்த ஒரு குண்டு மனிதர் எங்களைக் கடந்துபோய், திரும்பிப் பார்த்துக் கையை வேறு ஆட்டினார். உன் அத்தான் பதிலுக்குக் கையாட்டவில்லை. அதற்குள் அவர் விளிம்பில் குப்புறப் படுத்து, காலையில் சாப்பிட்டதைக் கடலுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஏதோ ஒன்று வீல் வீல் என்று கத்தியது, ஆவி வந்தது, என்ஜினைக் குளிர வைக்கத் தண்ணீர் இழுக்கிற ஓட்டையைச் சிப்பி அடைத்துவிட்டது என்று சொல்லி, பக்கத்துப் படகுக்காரர் எல்லாவற்றையும் நிறுத்தினார். இன்னொரு படகு வந்து கயிறு கட்டி எங்களை இழுத்துக்கொண்டு போனது. அவ்வளவு நேரமும் சம்பந்தியம்மா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கரையில் கால் வைத்த பிறகுதான் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "படகு நல்லா இருக்கு. கட்டிப் போட்டிருக்கும்போது."

இதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். நீயும் மறக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

அதன்பின் ஒரு டைவரைப் பிடித்தோம். முங்கி எழுந்தவர், கீழே தோட்டம் போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். இரும்பு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு மறுபடி முங்கி, என்ன ஆவேசமோ, பாசியோடும் சிப்பியோடும் சேர்த்து, அதெல்லாம் ஒட்டக்கூடாது என்று நீ அடித்து வைத்திருந்த விசேஷ பெயின்ட்டையும் சுரண்டி எடுத்துவிட்டார். வழவழவென்று வெறும் அடிப்பாகம். இங்கே கடல் தண்ணீர் வருஷம் முழுக்கக் குளிக்க விளாவி வைத்த மாதிரி வெதுவெதுப்பாக இருப்பதால் அந்த ஜந்துக்களுக்கு லீவு நாளே கிடையாது. முன்னைவிட இரண்டு பங்காக வந்து குடியேறின.

வேறு வழியில்லாமல் கிரேன் வைத்துப் படகைத் தூக்கினார்கள். அப்போதுதான் உன் படகின் அடியை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தேன். மேலே பச்சைத் தலைமுடி சொட்டச் சொட்ட. அதை விலக்கினால் கொழகொழ. அதற்கும் கீழே வெள்ளை வெள்ளையாகக் கூம்பு கூம்பாகக் கொட்டலசு என்கிற ஓட்டு ஜந்து, கை வைத்தால் கிழிக்கிறது. தண்ணீரைத் தள்ளுகிற விசிறி ஒரு பாறாங்கல் மாதிரி இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு நண்டு வெளியே வந்து, வாடகை பாக்கி வைத்தவர்களை வீட்டுக்காரர் பார்க்கிற மாதிரி எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. வெயில் பட்டதும் கிளம்பியது பார் ஒரு நாற்றம், உன் அத்தான் சட்டையை மூன்று முறை துவைத்துவிட்டுத் தூக்கி எறிந்தேன்.

கூலிக்கு ஆள் வேண்டாம், நானே சுரண்டுகிறேன் என்று உன் அத்தான் இறங்கி, விரல்களைக் கிழித்துக்கொண்டார். பெயின்ட்டும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். செம்பு கலந்த பெயின்ட்டைப் படகின் உடம்புக்கு அடிக்கலாம், என்ஜினிலிருந்து தண்ணீருக்குள் இறங்குகிற அலுமினியக் காலுக்கு அடிக்கவே கூடாது என்று கடைக்காரர் தெளிவாகச் சொன்னார். அப்படி யாருமே சொல்லவில்லை என்று இவர் இன்றுவரை சாதிக்கிறார். நான் பக்கத்தில்தான் நின்றேன். மிச்சம் வீணாகக் கூடாதென்று காலுக்கும் சேர்த்து அடித்தார். கொஞ்ச நாளில் அந்த அலுமினியம் செல்லரித்த பலகை மாதிரி குழி குழியாகப் போய், அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

இதெல்லாம் போகட்டும். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் கொட்டலசு புராணம். அது குட்டியாக இருக்கும்போது நீந்தித் திரியுமாம், பிடித்த இடம் கிடைத்ததும் தலையைப் பசை போட்டு ஒட்டிக்கொள்ளுமாம், அதற்குப்பின் ஆயுசுக்கும் நகராமல், காலை ஆட்டி ஆட்டிச் சாப்பாட்டை உள்ளே தள்ளிக்கொள்ளுமாம். எப்பேர்ப்பட்ட அதிசயம் பார்த்தாயா என்கிறார், சாய்வு நாற்காலியில் படுத்து, காலை ஆட்டிக்கொண்டு. ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவரைப் பார்த்து வருகிற எனக்கு இதில் என்ன அதிசயம் இருக்கிறது?

ஒன்று மட்டும் என் கண்ணில் பட்டது. பக்கத்துப் படகும் அன்று கிரேனில் ஏறியது. கிழட்டுப் படகு, மேலே பார்க்கச் சகிக்காது. அடியில் லேசான வழுக்கலைத் தவிர ஒன்றும் இல்லை. அவரிடம் கேட்டேன். "தினம் ஓடுதுல்லக்கா, உட்கார விட்டாத்தானே ஒட்டும்" என்றார். நல்ல பெயின்ட் அடித்தாலும் சும்மா நிறுத்தினால் வந்துவிடுமாம். அப்படியானால் உன் படகையும் ஓட்டியாக வேண்டும். யார் ஓட்டுவது? உன் அத்தானுக்குக் கயிற்றை அவிழ்த்தாலே குமட்டுகிறது. கடைசியில் இந்த வயதில் நான் அந்தப் பக்கத்துப் படகுக்காரரிடம் பாடம் கேட்டு, பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியற்காலையில் தொப்பி போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். சமையல் தாமதமாகிறது. முகம் கறுத்துவிட்டது. சுவரைத் தாண்டியதும் படகு லேசாகி எழும்பிப் பறக்கும்போது கை தானாக இன்னும் கொஞ்சம் வேகத்தைக் கூட்டுகிறது. இதெல்லாம் எனக்குத் தேவையா?

ஆகவே தம்பி, படகை விற்கிறோம். படகுத்துறை அலுவலகப் பலகையில் 'விற்பனைக்கு' என்று எழுதி ஒட்டியாகிவிட்டது. உன்னிடம் சம்மதம் கேட்கவில்லை, தகவல் தெரிவிக்கிறேன். இனி ஏதாவது வாங்க ஆசை வந்தால், உலர்ந்த இடத்தில் நிற்கிற பொருளாகப் பார்த்து வாங்கு.

குழந்தைக்கு என் முத்தங்கள். உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். கடல் வாடையே படாத ஊரில் சொந்த வீடு கட்டி, எல்லா வளமும் பெற்று நீங்கள் நீண்ட நாள் வாழ வேண்டும்.

உன் மேல் கோபம் தீராத,
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் படகைப் பார்க்க ஒருவர் வந்துவிட்டார். மரியாதையான மனிதர். சுற்றிச் சுற்றிப் பார்த்து, சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அடிக்கடி ஓட்டுவீர்களா என்று கேட்டேன். ஓட்டுகிற உத்தேசமே இல்லையாம். கட்டிப் போட்டு, சாயங்காலத்தில் நண்பர்களோடு மேலே உட்கார்ந்து பேசுவதற்காம். அடியில் ஓட்டை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஓட்டை எதுவும் இல்லை. பலகையில் ஒட்டியதையும் கிழித்தாகிவிட்டது. உன் மாற்றல் இன்னும் இரண்டு மூன்று வருஷம் நீளுமா என்று உன் மேலதிகாரியிடம் பணிவாகக் கேட்டுப் பார்.