உங்கள் தங்கையிடமிருந்து டேப்லெட்டைத் திரும்பப் பெறுவது தொடர்பாக

ஸ்ரீவில்லிபுத்தூர் மச்சான் சோலைச்சாமி அவர்கள் சமூகத்துக்கு,

ராஜபாளையத்திலிருந்து ஓய்வுபெற்ற ஏட்டு சுந்தரபாண்டியன் வணங்கி எழுதுவது. நானும் உங்கள் தங்கை வெள்ளத்தாயும் உடம்பளவில் நலம். அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என நம்புகிறேன். போனில் பேசினால் வெள்ளத்தாய் காதில் விழும், ஆகவே கடிதம்.

விஷயம், போன மாதம் நீங்கள் கொடுத்த டேப்லெட். "மாப்ளைக்குப் பொழுது போகட்டும்" என்று எனக்குத்தானே கொடுத்தீர்கள்? கோடிங் கற்றுத்தரும் ஆப்பை இறக்கியவனும் நான்தான். கட்டளைக் கட்டங்களை வரிசையாக அடுக்கினால் திரையில் ஒரு வாத்து நடக்கும். கட்டளை போடுவது எனக்குப் புதிதா, இருபத்தொன்பது வருடம் பரேடு பார்த்தவன், குளத்துக்கு இருபது அடி என்றதும் 'நட', 'நட' என்று அடுக்கினேன், ஒன்று குறைந்து வாத்து கரையிலேயே நின்றது, திரும்ப அடுக்கினேன், ஒன்று கூடிப்போய்ச் சுவரில் முட்டியது. தளவாய்புரம் நைட்டி கம்பெனியில் மேற்பார்வை வேலை முடிந்து வந்த உங்கள் தங்கை பின்னால் நின்று, "ஏங்க, இருபது நைட்டி தைக்க இருபது தடவையா சொல்லுவேன்? ஒருக்கா சொல்லி, இருபதுன்னாப் போதாதா?" என்று 'நட' ஒன்று, 'திரும்பச் செய் 20' ஒன்று, இரண்டே கட்டத்தில் வாத்தைத் தண்ணீரில் இறக்கிவிட்டாள். அன்றைக்குப் பிடித்தது சனியன்.

இப்போது அவள் முப்பதாம் பாடம், நான் நான்காம் பாடம். எனக்கு வயிறு எரிகிறது மச்சான், மறைத்து என்ன ஆகப்போகிறது. எதிர்வீட்டுக் கல்லூரிப் பிள்ளை விஜி, "அத்தை, லூப்புக்குள்ள இன்னொரு லூப்பே போட்டுட்டீக" என்று அவளை மெச்சுகிறது; அந்தத் 'திரும்பச் செய்' கட்டத்துக்குத்தான் லூப் என்று பெயராம். இருவரும் டேப்லெட்டுக்குள் தலையைவிட்டுச் சிரிக்கிறார்கள், நான் போனால் கவிழ்த்துவைக்கிறார்கள்.

"ஏட்டி, நான் பாக்கக் கூடாதா?"

"ஒங்களுக்குப் புரியாதுங்க. செத்த நேரம் வெளிய ஒக்காருங்க."

முப்பத்தாறு வருடத்தில் என்னிடம் சொல்லாமல் அவள் ஒரு கொத்தமல்லிக்கட்டு வாங்கியதில்லை. அம்புட்டு ரகசியம் அதுக்குள்ள என்ன இருக்கு? எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து, பேரப்பிள்ளைகள் கேட்டு அழுகிறார்கள் என்று ஏதாவது சொல்லி அதை எடுத்துப் போய்விடுங்கள். நான் எழுதியது தெரிய வேண்டாம்.

அக்காவுக்கு வணக்கம். பேரப்பிள்ளைகள் நூறு வயது நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை
சுந்தரபாண்டியன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது வெள்ளத்தாய் டேப்லெட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். இன்று என் பிறந்தநாளாம். தொட்டதும் திரையில் காக்கிச்சட்டை ஏட்டு ஒருவர் தெருவில் நடந்து வருகிறார், ஒரு பெண் கதவைத் திறந்து "வந்துட்டீகளா" என்கிறாள். அது நானாம், இத்தனை நாள் ஒளித்து ஒளித்து அவள் கட்டம் அடுக்கியது இதற்குத்தானாம். டேப்லெட் இங்கேயே இருக்கட்டும். ஆனால் அந்த ஏட்டுக்கு முப்பது வயதுதான் இருக்கும் மச்சான், அவனைப் பார்த்து உங்கள் தங்கை சிரிக்கிற சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு நரை வைக்க எத்தனையாவது பாடம் என்று விஜியிடம் கேட்டிருக்கிறேன்.